முஸ்கோகாவா, ஹாலிபர்ட்டனா: ஸ்னோமொபைல் ஓட்ட எந்த ஊரில் தங்குவது?

திருநகர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன். வரும் பிப்ரவரியில் மனைவியுடனும் 14 வயது மகனுடனும் கனடாவுக்குச் சென்று, ஸ்கார்பரோவில் இருக்கும் என் தம்பி வீட்டில் மூன்று வாரம் தங்க இருக்கிறோம். அதில் நான்கு இரவுகளை டொராண்டோவுக்கு வடக்கே, கோடை வீடுகள் நிறைந்த முஸ்கோகா, ஹாலிபர்ட்டன் ஏரிப் பகுதியில் கழித்து, பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இருபத்தைந்து ஆண்டுகளாக சிறுமலை, மேகமலை, போடிமெட்டு என்று மலைப் பாதைகளில் இருசக்கர வண்டியில் சுற்றியவன் என்பதால் வண்டியைக் கையாள்வதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. ஆனால் உறைபனியை இதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தம்பிக்கும் இதில் அனுபவம் இல்லை. கிரேவன்ஹர்ஸ்டில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வாடகை வீட்டை அவன் காட்டுகிறான். டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், படங்களும் அழகாக இருக்கின்றன. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் ப்ரேஸ்பிரிட்ஜ், ஹன்ட்ஸ்வில், டோர்செட், மிண்டன், ஹாலிபர்ட்டன் என்று எல்லா ஊர்கள் வழியாகவும் ஸ்னோமொபைல் தடங்கள் ஓடுகின்றன. இவற்றில் ஒன்றை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மகனும் ஓட்டலாமா? மனைவி ஒரு நாள் பின்னிருக்கையில் வருவார். மற்ற நாட்களில் வண்டியில் ஏறப் போவதில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார். அவருக்கும் அந்த ஊரில் பொழுது போக வேண்டும்.

தல்லாகுளத்தான்:

வணக்கம் ஐயா. பதினோரு ஆண்டுகள் ஸ்கார்பரோவில் இருந்துவிட்டுத் தல்லாகுளத்துக்கே திரும்பியவன் நான். அதில் ஏழு குளிர்காலங்கள் சொந்தமாக ஒரு ஸ்னோமொபைல் வைத்து ஓட்டியிருக்கிறேன். வீட்டு வாசலிலிருந்து எத்தனை அழகான ஏரி தெரிகிறது என்பதை மறந்துவிடுங்கள். வாசலில் வண்டியைக் கிளப்பி, நேராகத் தடத்தில் ஏற முடிகிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண வெளியூரிலிருந்து வருபவர் கோரிப்பாளையத்தில் ஒரு சிறிய அறை கிடைத்தாலும் அதைத்தான் எடுப்பார். திருமங்கலத்தில் பெரிய விடுதி கிடைக்கிறது என்பதற்காக அங்கே தங்க மாட்டார். கணக்கு இங்கும் அதேதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஆண்டில் நாங்கள் பதிவு செய்த விடுதியின் விளம்பரத்தில் தடம் அருகிலேயே இருப்பதாக எழுதியிருந்தது. போய் இறங்கிய பிறகுதான் அந்த 'அருகில்' என்பது ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை என்று தெரிந்தது. ஸ்னோமொபைலுக்கு முன்னால் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளும் பின்னால் ரப்பர் பட்டையும்தான் உண்டு. உப்புத் தூவிப் பனி அகற்றிய தார்ச்சாலையில் ஓட்டினால் இரண்டும் தேய்ந்து நாசமாகும். ஒவ்வொரு நாள் காலையிலும், சுமார் 250 கிலோ எடையுள்ள வண்டியை டிரெய்லரில் ஏற்றி, இழுத்துப் போய் இறக்கி, மாலையில் விரல் விறைத்த நிலையில் மறுபடி ஏற்றினோம். மூன்று நாளில் ஓட்டிய நேரத்தைவிட ஏற்றி இறக்கிய நேரம்தான் அதிகமாக நினைவில் நிற்கிறது. எனவே விடுதிக்காரரிடம் தடத்தின் எண்ணைக் கேளுங்கள். இன்ன எண் தடம், எங்கள் இடத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டால் நம்பலாம். சுற்றிவளைத்துப் பேசினால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பனி. தென்மேற்குப் பருவக்காற்று தேக்கடியில் மழையாகக் கொட்டிவிட்டு மதுரைக்கு வரும்போது வெறும் காற்றாக வருவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம் அல்லவா, அங்கேயும் அப்படி ஒரு கணக்கு உண்டு. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று இன்னும் உறையாத ஜார்ஜியன் வளைகுடாவின் நீர்ப்பரப்பைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரையேறியதும் பாரி சவுண்ட், ஹன்ட்ஸ்வில் பக்கமெல்லாம் பனியாகக் கொட்டிவிடும். அதே நாளில் டொராண்டோவின் புல்வெளி பச்சையாகத் தெரியும். வளைகுடா உறைந்துவிட்டால் இந்தப் பொழிவு குறைந்துவிடும். ஆனாலும் அதற்குள் விழுந்த பனி அந்த மேட்டு நிலத்துக் குளிரில் நிலைத்து நிற்கும். கிரேவன்ஹர்ஸ்ட் இந்தப் பகுதியின் தெற்கு ஓரம். பனி நன்றாக விழுந்த வருடத்தில் குறையே இல்லை. பிப்ரவரியில் இரண்டு நாள் மழை பெய்துவிட்டால் முதலில் மூடப்படுவது தெற்கு ஓரத்துத் தடங்கள்தான். நீங்கள் வாழ்நாளில் ஒருமுறை நான்கு நாட்களுக்காகப் போகிறீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக வடக்கே போவதில் நட்டமில்லை.

என் தேர்வு ஹாலிபர்ட்டன் ஊர். கின்மவுண்டிலிருந்து மிண்டன் பக்கமாக ஹாலிபர்ட்டன் வரை பழைய ரயில் பாதை ஒன்று தண்டவாளம் அகற்றப்பட்டுத் தடமாக மாறியிருக்கிறது. ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்ற இறக்கமோ திடீர் வளைவோ கிடையாது. முதல் நாள் ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மறுநாள் அங்கிருந்தே காட்டுக்குள் ஏறும் குறுகலான தடங்களுக்குப் போகலாம். ஊருக்குள்ளேயே பெட்ரோல் பங்க், உணவகம், கடை எல்லாம் இருக்கின்றன.

மகன் விஷயம்: 12 வயதிலிருந்தே ஒன்டாரியோவின் தடங்களில் ஓட்டலாம் என்றாலும், அதற்கு அந்த மாகாணத்தின் பயிற்சி முடித்துத் தனி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உங்கள் மகனிடம் அது இருக்காது. எனவே இருவர் அமரும் வண்டியை எடுத்து அவரைப் பின்னால் உட்கார வையுங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச உரிமத்தையும் மதுரையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். வாடகைக் கடைக்காரர் என்னென்ன ஆவணம் கேட்பார் என்பதை அவருக்கே முன்கூட்டி எழுதிக் கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பல பாலிசிகள் ஸ்னோமொபைல் விபத்தை விலக்கியே வைத்திருக்கின்றன.

மேலூர் பாண்டி:

ப்ரேஸ்பிரிட்ஜில் ஓர் உணவகத்தின் சமையலறையில் மூன்று குளிர்காலம் வேலை பார்த்தவன் நான். தல்லாகுளத்து அண்ணன் எழுதியதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் ஏரியைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லியாக வேண்டும்.

ஏரிக்கரை வீட்டை எடுத்தால் வாசலில் விரிந்து கிடக்கும் வெள்ளைப் பரப்பில் வண்டியை விட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோடையில் நம் பக்கத்துக் கண்மாய் வற்றும்போது மேலே வண்டல் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, கல் மாதிரி இருக்கும். நம்பிக் காலை வைத்தால் முழங்கால் வரை சேற்றில் இறங்கும். ஏரிப் பனியும் அப்படித்தான் ஏமாற்றும். மேலே விழுந்த பனி ஒரு கம்பளி போலக் குளிரைத் தடுத்துவிடுவதால் அடியில் பனிக்கட்டி தடிக்காமலே இருக்கும். பனியின் பாரத்தில் கட்டி அமிழ்ந்து, விரிசல் வழியாக நீர் மேலேறிக் கூழாக நிற்கும். ஒருமுறை நானே அதில் மாட்டினேன். வெளியே தெரிந்தது சுத்தமான வெள்ளை; வண்டியின் வேகம் தானாகக் குறைந்ததும் திரும்பிப் பார்த்தால், பின்பட்டை கிளப்பிய பனி சாம்பல் நிறத்தில் சளசளவென்று இருந்தது. நின்றிருந்தால் அங்கேயே உறைந்து ஒட்டியிருக்கும். பெருவிரலால் வேகம் கூட்டும் விசையை விடாமல் அழுத்தியபடி கரை சேர்ந்தேன். பூட்ஸுக்குள் போன தண்ணீரின் வலியை இன்று நினைத்தாலும் கால் கூசுகிறது.

ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும் என்று கனடா செஞ்சிலுவைச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதுவும் தெளிந்த நீலக் கட்டிக்கான கணக்கு. பனி கலந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி வலிமைதான். இரண்டு ஏரிகள் சேரும் குறுகிய கால்வாய், பாலத்தின் அடி, ஓடை வந்து விழும் முகத்துவாரம் ஆகிய இடங்களில் நீரோட்டம் இருப்பதால் நடு பிப்ரவரியிலும் கட்டி மெலிந்திருக்கும். போதாததற்கு, படகுத்துறைகள் உறைந்து உடையாமல் இருக்கச் சில வீட்டுக்காரர்கள் நீருக்கடியில் குமிழி விடும் கருவியை ஓடவிடுவார்கள். அந்தத் துறையைச் சுற்றி உறையாத தண்ணீரே இருக்கும், இரவில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஏரியைக் கடக்காமல் நிலத்தின் வழியாகவே ஒரு நாள் முழுவதும் சுற்றிவர வழியிருக்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஹாலிபர்ட்டனில் அது முடியும். பாரி சவுண்ட் பக்கம் போனால், பழைய ரயில் பாதை மேல் அமைந்த சிகுவின் தடம் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நிலத்திலேயே ஓடுகிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தடங்களில் சட்டப்படி உச்ச வேகம் 50 கிலோமீட்டர். மலைப் பாதையில் ஓட்டியவருக்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரியாக இருக்கும்போது 50 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 29 போல உறைக்கும். உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு உற்ற துணையான பருத்தி, அங்கே வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி, வண்டியை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் எலும்பு வரை குளிரை இறக்கும். கம்பளியோ செயற்கை இழையோதான் உள்ளாடையாக இருக்க வேண்டும். ஹெல்மெட், மேலுடை, பூட்ஸ் ஆகியவற்றைப் பெரும்பாலான வாடகைக் கடைகளே தருகின்றன. கையுறையை மட்டும் நல்லதாகச் சொந்தமாக வாங்குங்கள். கைப்பிடி சூடேறும் வசதி இருந்தாலும், விசையை அழுத்தும் வலது பெருவிரல்தான் முதலில் மரத்துப்போகும்.

கே.கே. நகர் அம்மா:

தம்பி, நான் வண்டி ஓட்டுபவள் அல்ல. பாரி (Barrie; பாரி சவுண்ட் அல்ல) நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நான்கு குளிர்காலம் போய் வந்திருக்கிறேன். மருமகனும் பேரனும் ஓட்டப் போவார்கள், நானும் மகளும் விடுதியில் இருப்போம். இதுவரை எழுதிய இருவருமே ஓட்டுபவரின் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மனைவி மூன்று நாட்கள் என்ன செய்வார் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

நாங்கள் ஒரு வருடம் காட்டுக்குள் தனியாக நின்ற ஒரு மர வீட்டில் தங்கினோம். தடம் வாசலிலேயே இருந்தது என்பது உண்மைதான். காலை ஒன்பது மணிக்கு ஆண்கள் கிளம்பினால் மாலை நான்கரைக்குத்தான் வருவார்கள். அலைபேசியில் சிக்னல் இல்லை. நடந்துபோக ஒரு கடையும் இல்லை. இருட்டத் தொடங்கியும் அவர்கள் வராத ஒரு நாளில் ஜன்னலருகே நின்றபடி நானும் மகளும் பட்ட பாட்டை எழுத்தில் சொல்ல முடியாது. வண்டியின் பெல்ட் அறுந்துவிட்டதாம். மாற்று பெல்ட் கையில் இருந்ததால் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகு நாங்கள் ஹன்ட்ஸ்வில்லில்தான் தங்குகிறோம். நடக்கக்கூடிய கடைவீதி இருக்கிறது, நூலகம் இருக்கிறது. ஊரை ஒட்டிய ஆரோஹெட் மாகாணப் பூங்காவில் காட்டுக்குள் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த சறுக்குப் பாதை உண்டு. சறுக்கத் தெரியாவிட்டாலும் வேறு பாதைகளில் பனிக்காலணி கட்டிக்கொண்டு நடக்கலாம். நெடுஞ்சாலை 60 வழியே கிழக்கே போனால் அல்கான்குவின் பூங்கா வரும். ஸ்னோமொபைலில் அந்தப் பக்கம் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள், நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தப் பகுதியில் அதற்கு அனுமதி இல்லை. காரில் போய் வர அருமையான இடம். அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனை ஹன்ட்ஸ்வில்லிலும் ப்ரேஸ்பிரிட்ஜிலும் இருக்கிறது. ஹாலிபர்ட்டன் பக்கம் தங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மிண்டன் மருத்துவமனையின் அவசரப் பிரிவு 2023 ஜூனில் மூடப்பட்டு ஹாலிபர்ட்டன் ஊருக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய வரைபடத்தை நம்பி மிண்டனுக்கு ஓடக் கூடாது.

திருநகர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, உங்கள் பதிவை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். கிரேவன்ஹர்ஸ்ட் வீட்டைப் பதிவு செய்ய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது ஹாலிபர்ட்டன் ஊருக்கும் ஹன்ட்ஸ்வில்லுக்கும் இடையில் நிற்கிறேன். இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் திட்டமிடலாம்? பிப்ரவரி 13 முதல் 17 வரை என்று தேதியை யோசித்திருக்கிறோம், அது சரியா?

தல்லாகுளத்தான்:

தேதியை முதலில் மாற்றுங்கள். பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை அங்கே குடும்ப தின விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியில்தான் டொராண்டோவே வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போகும். வாடகை உச்சத்தில் இருக்கும், தடம் நெரிசலாக இருக்கும். புதிதாக ஓட்டுபவர் எதிரே வரும் கூட்டத்தைச் சமாளித்தபடி வளைவில் திரும்ப வேண்டியிருக்கும். அதற்கு முந்திய வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை போங்கள். இன்னொரு நன்மையும் இருக்கிறது. தடத்தைச் சீராக்கும் பெரிய எந்திரங்கள் பெரும்பாலும் இரவில்தான் ஓடும், அவை அழுத்திச் சமன் செய்த பனி இரவுக் குளிரில் இறுகி, காலையில் வழித்த சிமெண்டுத் தரை போல் இருக்கும். கூட்டம் உள்ள நாளில் பதினோரு மணிக்கெல்லாம் அது மேடும் பள்ளமுமாகி, இடுப்பைப் பதம் பார்த்துவிடும். வார நாளில் பிற்பகல் வரை சமனாகவே இருக்கும்.

தூரத்தைப் பற்றி: ஒருமுறை பெட்ரோல் நிரப்பினால் பெரும்பாலான வண்டிகள் 150 கிலோமீட்டர் வரை தாராளமாக ஓடும். பழகியவர்கள் ஒரு நாளில் 200 கூட ஓட்டுவார்கள். நீங்கள் முதல் நாள் 50, பிறகு 80 அல்லது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் நகராது. பிப்ரவரி நடுவில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்கு வாசலில் இருப்பது என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அம்மா எழுதியதைப் படித்தபோது, என் வீட்டிலும் அப்படி ஒருவர் ஜன்னலருகே நின்றிருந்தது நினைவுக்கு வந்தது.

ஊரைப் பொறுத்தவரை, அம்மா சொன்னபடி ஹன்ட்ஸ்வில் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அங்கே ஒரு வசதியும் இருக்கிறது: பனி குறைந்துவிட்டால் நெடுஞ்சாலை 11 வழியாக இன்னும் வடக்கே பர்க்ஸ் ஃபால்ஸ், சன்ட்ரிட்ஜ் பக்கம் ஒரு மணி நேரத்துக்குள் போய் ஓட்டலாம். ஆனால் ஊருக்கு நடுவில் உள்ள விடுதி வேண்டாம். ஊர் ஓரத்தில், தடம் தொடும் இடமாக, வழிகாட்டியோடு வண்டி வாடகைக்குக் கிடைக்கும் இடமாகத் தேடுங்கள். முதல் அரை நாளுக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும்.

கிளம்பும் காலையில் ஒன்டாரியோ ஸ்னோமொபைல் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிடும் தட வரைபடத்தைத் தவறாமல் பாருங்கள். மாகாணம் முழுவதும் சுமார் 30,000 கிலோமீட்டர் தடங்களை அந்தச் சங்கங்களின் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். பச்சை என்றால் திறந்திருக்கிறது. மஞ்சள் என்றால் பனி போதாத இடங்கள் இருக்கலாம், கவனம் தேவை. சிவப்பு என்றால் மூடப்பட்டது. சிவப்புத் தடத்தில் பனி கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஏறாதீர்கள். தடத்தின் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியாக, நில உரிமையாளர் மனமுவந்து கொடுத்த அனுமதியால் ஓடுகிறது. நாலு பேர் அத்துமீறினால் அவர் வேலி போட்டுவிடுவார், அந்த வட்டாரத்துக்கே வழி அடைபட்டுவிடும். தடத்துக்கான பெர்மிட் வாடகையில் அடங்குமா என்பதையும் கடையில் கேளுங்கள்.

மேலூர் பாண்டி:

தடங்கள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் எண் எழுதிய பலகை நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே போகும் வேலையை உங்கள் மகனிடம் கொடுத்துவிடுங்கள். வழி தவறினாலோ, 911-ஐ அழைக்க நேர்ந்தாலோ, கடைசியாகக் கடந்த பலகையின் எண்ணைச் சொன்னால் தேடி வருபவர்கள் நேராக வந்துவிடுவார்கள். கைபேசியை மேலுடைக்கு உள்ளே, உடம்பை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். வெளிப்பையில் வைத்தால் குளிரில் பேட்டரி அணைந்துவிடும்.

திருநகர்வாசி:

ஹன்ட்ஸ்வில்லுக்குச் சற்று வெளியே ஒரு விடுதியைக் கண்டுபிடித்து இன்று காலை தொலைபேசியில் பேசினோம். தடம் எவ்வளவு தூரம் என்று தம்பி கேட்டதும், எதிர்முனையில் இருந்தவர் தட எண்ணைச் சொல்லி, வாகன நிறுத்தத்தின் பின்புறம் 200 மீட்டர் என்றார். திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவுகள், இருவர் அமரும் வண்டி ஒன்று, முதல் நாள் காலை வழிகாட்டி, பெர்மிட் வாடகையிலேயே அடக்கம். பனி இல்லாவிட்டால் மூன்று நாட்களுக்கு முன்பு வரை ரத்து செய்யலாம் என்பதையும் எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். நான்கு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதை மனைவி இப்போதே நாட்காட்டியில் எழுதி ஒட்டிவிட்டார். நாளை சர்வதேச உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.